சமாதான நோட்டு

ஜூலை 4, வெள்ளி

இன்று நகராட்சியே என்னைத் தேடி வந்தது. சரியாகச் சொன்னால், குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்க நான்தான் அங்கே போயிருந்தேன். போன இடத்தில் சமுதாய அமைப்பாளர் ஜெபராணி மேடம் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "கம்மாய்க்கரைத் தெரு மன்றத்துத் தலைவர் பொன்னுலிங்கம் நீங்கதானா?" என்று கேட்டார். பீரோவில் ஃபைல் எடுக்கத்தான் எழுந்திருப்பார் என்கிறாள் என் மனைவி சுந்தரி. அவள் அங்கே இல்லவே இல்லை. இருந்த எனக்குத் தெரியாதா, எது மரியாதைக்கு எழுந்தது, எது ஃபைலுக்கு எழுந்தது என்று?

விஷயம் இதுதான். வீட்டிலும் தெருவிலும் நடக்கிற அடிதடியைத் தடுக்கவும், அடிபட்டவர்களுக்குத் துணை நிற்கவும், வார்டுக்கு ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து நகராட்சி நிதி கொடுக்கப் போகிறது. ஓர் அறை, ஒரு போன், வாரத்தில் மூன்று நாள் வந்து உட்கார்ந்து பேச்சுக் கேட்க ஒரு படித்த பெண், அவசரத்துக்கு ஓர் ஆட்டோ. விண்ணப்பம் பதினைந்து பக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது. ஆனாலும் பதினைந்து பக்கத்தையும் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். அதில் நாலு பக்கம் படம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேலையைத்தானே பத்தொன்பது வருடமாகச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறேன்! புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் எங்கள் தெருவில் நேரே மன்றத்துக்குத்தான் வருவார்கள். இரண்டு பக்கமும் கேட்பேன். புருஷன்காரன் நாலு முழம் மல்லிகைப் பூவும் ஒரு பாட்டில் சர்பத்தும் வாங்கி வர வேண்டும். பூவை அவன் கையாலேயே அவள் தலையில் வைக்க வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் சர்பத். பிறகு என்னுடைய நீள நோட்டில் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "இனி குடிக்க மாட்டேன், கை நீட்ட மாட்டேன்" என்று அவன். "இனி வீட்டு விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன்" என்று அவள். வாசகம் என் சொந்த வாசகம். அட்டையில் சிவப்பு மையில் "சமாதான நோட்டு" என்று எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து ஒரு கேஸ்கூட இன்றுவரை போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. மதுரை ஹைகோர்ட்டிலேயே இதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார்.

குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை. புகார் மனு சட்டைப் பையிலேயே இருக்கிறது. கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

காலையில் விண்ணப்பம் நிரப்பினேன். ஏழாவது கட்டம், "இத்துறையில் முன் அனுபவம்." நாற்பத்து மூன்று குடும்பங்களை ஒன்று சேர்த்து வைத்தது என்று எழுதினேன்.

சுந்தரி காபி டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "நோட்டுல இருபத்தேழு பேருதான இருக்கு?"

"மிச்சம் என் மனசுல இருக்கு."

"மனச ஜெராக்ஸ் எடுத்து வைப்பீகளா?"

இருபத்தேழு என்று திருத்தினேன். பேச்சை வளர்ப்பது எனக்குப் பிடிக்காது.

எழுத்து அழகாக இருக்கட்டும் என்று இந்துமதியை வரச் சொல்லியிருந்தேன். என் அக்கா மகள். அக்காவும் அத்தானும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது இந்த வீடுதான். நூற்பாலையில் வேலை. புருஷன் காளீஸ்வரன் சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறான். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் நான். கல்யாணத்தில் எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். ஆயிரம்கூட இருக்கும்.

வந்தாள். வலது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. மில்லில் ரோலரில் பட்டதாம். அந்த மில்லில் இருபத்திரண்டு வருடம் நான் செக்யூரிட்டி. ரோலரில் பட்டால் விரல் நசுங்கும். மணிக்கட்டு வீங்காது. புது மெஷின் இறக்கியிருப்பார்கள்.

அவளால் எழுத முடியவில்லை. நானே எழுதினேன். சுந்தரி அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டுப் போய் வெகு நேரம் வைத்திருந்தாள். வெளியே வரும்போது இரண்டு பேரும் முருங்கைக் கீரை ஆய்ந்து முடித்திருந்தார்கள். பேச்சுச் சத்தமே கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

விண்ணப்பத்தோடு சமாதான நோட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெராக்ஸ் போதும் என்றார்கள். அசலைப் பார்க்கட்டும் என்று அசலையே வைத்தேன்.

ஜெபராணி மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நிறுத்தி நிறுத்திப் படித்தார். யாரும் இந்த நோட்டை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஐயா, 'வீட்டு விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன்'னு இருக்கே. இது எல்லாப் பக்கத்துலயும் இருக்கா?"

"ஒரு பக்கம்கூட விடலை மேடம்."

"கை நீட்ட மாட்டேன்னு எழுதின ஆம்பளைங்க?"

"அதுவும் எல்லாப் பக்கத்துலயும் இருக்கு."

"நான் அதைக் கேக்கல. எழுதினபடி நடந்தாங்களான்னு கேக்குறேன். திரும்பப் போய்ப் பாத்தீங்களா?"

"பிரச்சினை இருந்தா அவங்களே வந்திருப்பாங்களே மேடம். யாரும் வரலையே."

அவர் பேனா மூடியைக் கடித்தார். பிறகு ஒரு தாளில் நாலு பேரைக் குறித்தார். பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு மன்றத்துக்கு ஆய்வுக்கு வருவாராம். இந்த நாலு பேரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டுமாம். அதை வைத்துத்தான் நிதி.

தாளை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். பேச்சியம்மாள். சகுந்தலா. முனீஸ்வரி. நாலாவது இந்துமதி.

இந்துமதி பேர் நோட்டில் மூன்று இடத்தில் வருகிறது. அதனால் மேடத்தின் கண்ணில் பட்டிருக்கும்.

ஜூலை 9, புதன்

ஆய்வுக்கு முன்னால் நாலு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லி வைத்துவிடலாம் என்று கிளம்பினேன். சொல்லிக் கொடுப்பதற்கு அல்ல. தேதியை ஞாபகப்படுத்த.

முதலில் பேச்சியம்மாள் வீடு. இப்போது இட்லிக் கடை போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை ஆட்டினாள்.

"வாங்க அண்ணாச்சி. யாரு பெண்டாட்டிய யாரு வீட்ல கொண்டு விடப் போறீக?"

"கேலிய விடு பேச்சி. நீ நல்லா இருக்கியா?"

"ரொம்ப நல்லா இருக்கேன்."

"பாத்தியா! அன்னைக்கு நான் மட்டும் பேசி வைக்கலைன்னா?"

"அண்ணாச்சி, நீங்க பேசி வச்சதுக்கு அப்புறம் அந்த மனுசன் ஏழு வருசம் இருந்தாரு. அவரு போய்ச் சேந்து நாலு வருசமாச்சு. நான் நல்லா இருக்கேன்னு சொன்னது இந்த நாலு வருசத்த." சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது முழங்கையை நீட்டிக் காட்டினாள். அது முழுசாக நீளவில்லை. "இது சர்பத் குடிச்ச மறு வாரம். ரெண்டு இட்லி வைக்கவா?"

பசி இல்லை என்று வந்துவிட்டேன். பசிதான் இருந்தது.

ஜூலை 10, வியாழன்

சகுந்தலா வீட்டில் நான் பேசப் பேச அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தாள். மரியாதை தெரியாதவள் ஆகிவிட்டாளே என்று குரலை உயர்த்தினேன்.

"அண்ணே, கோவிக்காதீக. இந்தப் பக்கமா வந்து பேசுங்க. அந்தக் காது கேக்காது."

"எப்பத்துலருந்து?"

"ரொம்ப நாளாச்சு."

"எப்படி?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் புருஷன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க நல்லா இருக்கோம்ணே" என்றாள். அந்த வார்த்தையை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

பேச்சியம்மாளும் முதலில் இதையேதான் சொன்னாள். நல்லா இருக்கோம். எனக்கு அது நற்சான்றிதழ் மாதிரிதான் இருந்தது. தெரு முக்கு வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

வந்து வாசல் கேட்டுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். பிறகு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்து கேட்டைத் திறந்து மூடிப் பார்த்தேன். மறுபடி டீக்கடைக்குப் போனேன். கடைக்காரன் "என்ன மாமா, மில்லு வாட்ச்மேன் வேல திரும்பக் கெடச்சிருச்சா, ரவுண்டு வாரீக?" என்றான். செக்யூரிட்டி என்று திருத்தினேன்.

ஜூலை 11, வெள்ளி

முனீஸ்வரி வீடு. பதினோராம் பக்கம்.

அவள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மறந்தே போய்விட்டேன்.

அப்படி எழுதியிருக்கக் கூடாது. மறக்கவில்லை. ஊர்வலத்தில் முன்னால் நின்று மாலை வாங்கி வைத்தவன் நான். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது.

அவள் அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் எதற்கு வந்தேன் என்று சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ரேஷனில் துவரம் பருப்பு இல்லை. பாமாயில் மட்டும் கொடுத்தார்கள்.

இந்துமதி வீட்டுக்குப் பக்கோடா வாங்கிக்கொண்டு போனேன். காளீஸ்வரன் ஓடி வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான். எந்த மாப்பிள்ளை இப்படிச் செய்வான்? ஊரில் பாதி மாப்பிள்ளைகள் மாமனைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்.

"மாமா, உங்க மருமக குடுத்து வச்சவ. என்ன கொற அவளுக்கு? ஏய், மாமாவுக்குத் தண்ணி கொண்டா."

அவள் இடது கையால் செம்பைக் கொண்டு வந்தாள். முழுக்கை ஜாக்கெட். இந்த வெயிலில்.

"நல்லா இருக்கேன் மாமா" என்றாள். நான் இன்னும் எதுவும் கேட்கவே இல்லை.

பக்கோடா நன்றாக இருந்தது. ஒரு மணி நேரம் இருந்தேன். சிரித்துப் பேசினோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சுந்தரியிடம் சொன்னேன்.

"அவன் இல்லாதப்ப அவகிட்டக் கேட்டீகளா?"

"எதுக்குத் தனியாக் கேக்கணும்? அவன் என்ன அந்நியனா?"

அவள் பாமாயிலைப் பாட்டிலில் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இருபத்தொன்பது வருடமாக இந்தப் பெண் இப்படித்தான், சண்டைக்கு வர மாட்டாள். ஜெயித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

ஜூலை 15, செவ்வாய்

காலை ஷிப்டு முடிகிற நேரத்துக்கு மில் கேட்டுக்குப் போனேன். பழைய இடம், காற்றாடப் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம். புது செக்யூரிட்டிப் பையன் எனக்குச் சல்யூட் வைத்தான். சல்யூட் இல்லை, கொசு அடித்தான். எப்படியோ.

இந்துமதி வெளியே வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"அத்தைக்கு என்னாச்சு?"

"அத்த நல்லா இருக்கா. நீ எப்படி இருக்கன்னு கேக்க வந்தேன்."

"நல்லா இருக்கேன் மாமா."

"கையக் காட்டு."

காட்டவில்லை. நான் விடாமல் கேட்டேன். எனக்குப் பேசத் தெரியும். பேசிப் பேசி எத்தனையோ பேரை வழிக்குக் கொண்டு வந்திருக்கிறேன். எவ்வளவோ சொன்னேன். மாமாவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய் என்றேன். தாய்மாமன் என்றால் பாதித் தாய் என்றேன்.

கடைசியில் அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கேண்டீன் டோக்கன் தீர்ந்துவிட்டது என்பது மாதிரிச் சொன்னாள்.

"வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ல மாமா. மூணு தடவ. நீங்கதான எழுதச் சொன்னீக?"

"அது... அது ஒரு வழக்கத்துக்கு எழுதுறது."

"அவுகளும் அப்படித்தான் எழுதினாக. நாங்கதான் அப்படியே நடந்துட்டோம்."

சைரன் ஊதியது. ஷிப்டு பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பி, "மாமா, இன்னொரு தடவ நான் உங்க வீட்டுக்கு வந்தா, திருப்பி அனுப்புவீகளா?" என்று கேட்டாள்.

நான் ஏதோ சொன்னேன். நீளமாகத்தான் சொன்னேன். குடும்பம், பொறுமை, பார்க்கலாம் என்றெல்லாம் வந்தது. அவள் தலையை ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டது அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

மன்றத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். ஒரு சுவரை நீலம், ஒரு சுவரை மஞ்சள் என்று சொல்லிவிட்டு, பிறகு மாற்றினேன். பிறகு மறுபடி மாற்றினேன். அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டான்.

ஜூலை 18, வெள்ளி

நாளைக்கு ஆய்வு. நாற்காலி வாடகைக்குச் சொல்லியாயிற்று. ஜெபராணி மேடத்துக்கு இளநீர். நோட்டை நகராட்சியிலிருந்து திருப்பி வாங்கி வந்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பீரோவில் வைத்தேன். டிவி மேல் வைத்தேன். இப்போது என் மடியில் இருக்கிறது.

இந்துமதியின் மூன்று பக்கத்தையும் பார்த்தேன். முதல் தடவை அவளுடைய எழுத்து உருண்டையாக, கோடு விலகாமல் இருக்கிறது. மூன்றாம் தடவை, பேர் மட்டும்தான் அவள் எழுத்து. வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன். அன்றைக்கும் அவளுக்குக் கை முடியவில்லை போல.

போல என்ன. முடியவில்லை. நான் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இந்துமதி ஒரு கட்டைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். கீழ் உதடு கிழிந்திருந்தது. போன வாரம் எண்ணெய் விட்ட கேட் சத்தமே இல்லாமல் திறந்தது, அதனால் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. சுந்தரி அவள் கையிலிருந்து பையை வாங்கினாள். என்னைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க பேசுறதப் பொறுத்துத்தான் நான் இந்த வீட்ல இருக்கிறது" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

பத்தரை மணிக்குக் காளீஸ்வரன் மன்றத்துக்கு வந்துவிட்டான். கூட ஐந்து பேர். கையில் மல்லிகைப் பூ, நாலு முழம். சர்பத் பாட்டில். எல்லாம் முறைப்படி. அவனுக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே.

"மாமா, நோட்ட எடுங்க. பதினோரு மணிக்கு ஆபீசர் அம்மா வாராகளாம்ல? அதுக்குள்ள முடிச்சுருவோம். அவுக வரும்போது ஜோடியா நின்னு வணக்கம் வைக்கிறோம். உங்களுக்கும் கவுரவம்."

உள்ளதை எழுதுகிறேன். அந்த யோசனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு நிமிடம். நிதியும் வரும், அறையும் வரும், என் பேர் போட்ட பலகையும் வரும். என் கை நோட்டைப் பிரித்துவிட்டது. பேனா மூடியையும் கழற்றிவிட்டேன்.

இந்துமதியை சுந்தரி கூட்டி வந்தாள். பேச்சியம்மாளும் சகுந்தலாவும் ஆய்வுக்காக ஏற்கெனவே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சகுந்தலா கேட்கிற காதை எங்கள் பக்கம் வைத்திருந்தாள். ஜெபராணி மேடம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் இந்துமதியிடம், "போறியாம்மா?" என்று கேட்டேன்.

பத்தொன்பது வருடத்தில், இருபத்தேழு பேரில், இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறேன். யார் மேல் தப்பு என்று கேட்டிருக்கிறேன். போகிறாயா என்று கேட்டதில்லை. போவது முடிவான விஷயம், எப்படிப் போவது என்பதுதான் பேச்சு.

"மாட்டேன்" என்றாள்.

பேனாவை மூடினேன்.

காளீஸ்வரன் சிரித்தான். "என்ன மாமா, சின்னப் புள்ள மாதிரி அவகிட்டக் கேட்டுக்கிட்டு? நீங்க சொல்லுங்க."

"அவ சொல்லிட்டா."

"ஓ! கவர்மெண்டு காசு வருதுன்னதும் மருமகள வச்சு நாடகமா?" அவன் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "மூணு தடவ இவருதான அனுப்பி வச்சாரு? அப்பெல்லாம் நான் நல்லவன். இன்னைக்கு மட்டும் கெட்டவனாயிட்டேனா?"

இதற்கு நான் சிங்கம் மாதிரி கர்ஜித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கர்ஜிக்கவில்லை.  இரண்டு தடவை கனைத்தேன்.

"அப்பவும் நீ கெட்டவன்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

 இந்துமதி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வரவில்லை.

அவன் பூவைத் தரையில் வீசிவிட்டு என் சட்டையைப் பிடித்துத் தள்ளினான். நான் விழுந்தேன். வாடகை நாற்காலி ஒன்று உடைந்தது. எழுந்து அவனை ஓர் அறை விட்டேன் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம். நடுவில் வந்து நின்றது பேச்சியம்மாள். நீளாத கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னையும் தள்ளு பாப்போம். ஆபீசர் அம்மா பாத்துக்கிட்டுத்தான் நிக்காக" என்றாள். அவன் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். ஜெபராணி மேடம் அதற்குள் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று, புதியது ஒன்று. டாக்டர் "முன்னாடி எப்ப உடைஞ்சது?" என்று கேட்டார். இந்துமதி பதில் சொல்வதற்குள் நான் தேதியைச் சொன்னேன். எனக்குத்தான் தெரியும். நோட்டில் இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

மகளிர் காவல் நிலையம். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். விழுந்ததில் இடுப்புப் பிடித்திருக்கிறது.

சாட்சியாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் மூன்று பக்கம் எழுதினேன். இன்ஸ்பெக்டர் அம்மா படித்துவிட்டு, "ஐயா, உங்க கதைய விடுங்க. அந்தப் பொண்ணப் பத்தி நீங்க கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க" என்றார். மறுபடி எழுதினேன். ஏழு வரிதான் வந்தது. ஏழு வரிக்கும் கீழே என் கையெழுத்து.

சமாதான நோட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாட்சியமாம்.

ஜூலை 22, செவ்வாய்

ஜெபராணி மேடம் கூப்பிட்டனுப்பினார். நிதிக்கு எங்கள் வார்டின் பேரை மேலே அனுப்புகிறாராம். ஆனால் கமிட்டியில் பேச்சியம்மாள், சகுந்தலா, இன்னும் மூன்று பெண்கள் இருக்க வேண்டும். தலைவர் பேச்சியம்மாள். இனி யாரும் பூ, சர்பத், கையெழுத்து என்று எதுவும் கேட்கக் கூடாது.

தலைவர் பதவியை நான் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன். கேட்பதற்கு முன்னாலேயே விட்டுக்கொடுத்தேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேச ஆரம்பித்தது நான்தான்.

"எனக்கு என்ன வேல மேடம்?" என்று கேட்டேன்.

அவர் பேச்சியம்மாளைப் பார்த்தார். பேச்சியம்மாள் யோசித்தாள். "பொம்பளைங்க வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஸ்டேஷனுக்குப் போறப்ப கூடப் போக ஆளு வேணும்ல. அண்ணாச்சி வரட்டும். வாயத் தெறக்காம வரணும். முடியுமா அண்ணாச்சி?"

"அதென்ன பெரிய விஷயம்?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

காளீஸ்வரனை ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்து, இந்துமதி பக்கம் போகக் கூடாது என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். கேஸ் நடக்குமாம். எவ்வளவு நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்துமதி எங்கள் வீட்டில் இருக்கிறாள். கேட் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கை நின்றுவிடுகிறது. அவளுக்கு மட்டும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மில்லுக்கு லீவு இல்லை. லீவு போட்டால் வேலை போய்விடும் என்று இந்துமதி கட்டுப் போட்ட கையோடு கிளம்பினாள். கணக்குப் பிரிவில் உட்கார வைக்கிறார்களாம். ஷிப்டு பஸ் மதியம் ஒன்றேகாலுக்கு ரேஷன் கடை முக்குக்கு வரும்.

கூடப் போக நான் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். காளீஸ்வரன் வழியில் மறித்தால் என்ன பேசுவது என்று மூன்று விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்று சட்டப்படி. ஒன்று உறவு முறைப்படி. ஒன்று கேட்டால் அவன் அழுதே விடுவான்.

வாசல் தாண்டியதும் தெரிந்துவிட்டது, ரேஷன் கடை எதிரே அவன் மினி லாரி நிற்கிறது. உள்ளே அவன்.

இந்துமதி ஒரு நொடி நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"மாமா, ஒண்ணும் பேசாதீக. கூட மட்டும் வாங்க."

எங்கள் வீட்டிலிருந்து அந்த முக்கு இருநூறு அடி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நடந்தாள். நான் அவளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நடந்தேன். சகுந்தலா அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் இன்னொரு கதவு திறந்தது. காளீஸ்வரன் ஹாரனை ஒரு தடவை அடித்தான். பிறகு நீளமாக அடித்தான். "என்ன மாமா, வாய் செத்துப் போச்சா?" என்று கத்தினான். நாக்கு மேலே மேலே எழும்பியது. பல்லைக் கடித்தேன்.

பேசவில்லை.

பஸ் வந்தது. அவள் ஏறி, உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பஸ் திரும்பும் வரை நான் நின்றேன். அது போன பிறகும் நின்றேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். அந்தச் சத்தம் தேய்கிற வரைக்கும் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சுந்தரியிடம் நடந்ததைச் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் சோற்றைப் போட்டாள்.

நாளைக்கும் பஸ் ஒன்றேகாலுக்குத்தான்.